வாசலில் ஒரு பெர்மெஸ்ஸோ

ஆலையில் ‘பெர்மெஸ்ஸோ’ என்னும் இரண்டு மணி நேர அனுமதி விடுப்பு வாங்கிக்கொண்டு அப்பாவைப் பார்க்க வந்திருக்கிறாள் ஓர்னெல்லா. கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் அப்பாவின் புது மனைவி ஃபியோரென்ஸா நிலைப்படியை அடைத்துக்கொண்டு நிற்கிறாள். அவள் இடுப்பில், ஓர்னெல்லாவின் செத்துப்போன அம்மா கட்டியிருந்த நீலக் கட்டம் போட்ட ஏப்ரன். அவளுக்குப் பின்னால், ஜன்னல் சட்டங்களின் வழியே வரும் வெயில் மேஜையில் தலைகுனிந்திருக்கும் அப்பாவின் மேல் வரிவரியாக விழுகிறது. அடுப்பில் காபி களகளக்கிறது.

“வர்றவங்க ‘பெர்மெஸ்ஸோ’ன்னு கேட்டுட்டுத்தான் உள்ள வருவாங்க. உங்கம்மா அதக்கூடச் சொல்லித் தரலியா?”

அடுத்தவர் வீட்டு வாசலில் இத்தாலிக்காரர்கள் கேட்பது அது: உள்ளே வரலாமா? பிறந்த வீட்டில் ஓர்னெல்லா அதை ஒருநாளும் கேட்டதில்லை.

“சொல்லிடேம்மா. ஒரு வார்த்தைதானே,” என்கிறார் அப்பா, காலிக் கோப்பையைப் பார்த்தபடி.

நெரிசலான பேருந்தில், இறங்கும் இடம் வந்ததும், வழிமறித்து நிற்பவர்களிடமும் இதே வார்த்தையைத்தான் சொல்வார்கள். ஓர்னெல்லா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு முழங்கையை முன்னால் நீட்டுகிறாள்.

“பெர்மெஸ்ஸோ.”

அவள் குரலில் கேள்வி இல்லை. ஃபியோரென்ஸா சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள். காபி பொங்கி அடுப்பில் வழிகிறது.