நன்றியுரையில் விட்டுப்போன பெயர்

“பந்தல் போட்டவருக்கு நன்றி சொன்னீக. மைக் செட்டுக்காரருக்குச் சொன்னீக. மேடைக்குக் குறுக்க ஓடுன நாய வெரட்டுனவருக்குக்கூடச் சொன்னீக. எம்மக பேரு மட்டும் வாயில வரலயோ, மாப்பிள்ளை?”

கருத்தப்பாண்டி ஓய்வுபெற்ற ஏட்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் யாருக்கும் தாம் எதையோ திருடிவிட்டதுபோலத்தான் இருக்கும். இப்போது அதில் உட்கார்ந்திருந்தவர் மருமகன் சேதுபதி. ராஜபாளையத்தில் தம் பெயரிலேயே கணினிப் புத்தகங்கள் போடும் பதிப்பாளர். தமக்கு எடுத்த பாராட்டு விழா முடிந்த கையோடு கோபித்துக்கொண்டு வந்துவிட்ட மனைவி ஆனந்தவல்லியைத் திரும்ப அழைத்துப்போக வந்திருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய பால்கோவாவை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கே கொண்டுவந்திருந்தார்.

“பதட்டத்துல விட்டுப்போச்சு மாமா.”

“பொன்னாடை போர்த்துனதும் பொண்டாட்டி மறந்துருமாக்கும்,” என்றாள் ஆனந்தவல்லி, சுவரோரம் நின்றபடி.

“நீயும் நல்லாத்தான் கோவப்பட்ட,” என்றார் கருத்தப்பாண்டி மகளிடம். “மாத்துச் சேலை ஒண்ணு எடுக்கல. லேப்டாப்ப மட்டும் கக்கத்துல இடுக்கிக்கிட்டு பஸ் ஏறி வந்துருக்க. அது யாருது, மாப்பிள்ளை?”

சேதுபதி தண்ணீரை எடுத்துக் குடித்தார். “வீட்டுது, மாமா.”

பிறகு மனைவியைப் பார்த்தார்.

“நீ இல்லாம ஒண்ணும் ஓடல, வல்லி. ஏஐ புத்தகம் பாதியில நிக்கி. சிவகாசி அச்சகத்துல இருந்து தெனமும் போன் போடுதாக. ஒக்காந்தா ஒரு வரி வர மாட்டேங்கு.”

கருத்தப்பாண்டியின் மீசை இளகியது. சர்வீஸில் அவர் எத்தனையோ வாக்குமூலம் கேட்டிருக்கிறார். இவ்வளவு உருக்கமாக ஒன்றைக் கேட்டதில்லை.

“பாத்தியாட்டி? பத்துப் புத்தகம் எழுதுன மனுசன், நீ இல்லாம ஒரு வரி வரலங்காரு. கல்யாணத்துக்கு முந்தி சேத்தூருல செல்போன் கவர் வித்துக்கிட்டிருந்தாரு. நீ கால் வச்ச நேரம், பெரிய கம்ப்யூட்டர் எழுத்தாளராயிட்டாரு. காலேஜுல எல்லாம் கூப்பிட்டுப் பேசச் சொல்லுதாக. அம்புட்டும் ஒன் ராசிதான்.”

“ராசி,” என்றாள் ஆனந்தவல்லி, சோற்றில் அகப்பட்ட கல்லைத் துப்புவதுபோல.

“சரி, கெளம்பு. மனுசன் எளைச்சுப்போயிட்டாரு பாரு.”

“வாரேன்ப்பா.”

சேதுபதி சட்டென்று எழுந்து பைக் சாவியை எடுத்தார். உள்ளே போன ஆனந்தவல்லி லேப்டாப்போடு திரும்பி வந்தாள்.

“செத்த ஒக்காருங்க. அப்பாவுக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை. ஒங்க புத்தகத்துல இருக்குறதெல்லாம் நெசமாவே வேல செய்யுமான்னு கேட்டுக்கிட்டே இருக்காரு.” லேப்டாப்பைத் திறந்து கணவர் மடியில் வைத்தாள். “மொதப் புத்தகம், மொதப் பாடம். பச்சப்புள்ளகூடச் செய்யும்னு நீங்கதான அட்டையில போட்டிருக்கீக. அத மட்டும் செஞ்சு காட்டுங்க. கெளம்பிருவோம்.”

“அட, ஆமா மாப்பிள்ளை. செய்யுங்க, பாப்போம்.” கருத்தப்பாண்டி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தம் நாற்காலியை மருமகன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வெள்ளைத் திரையில் ஒரு சின்னக் கோடு மினுங்கி மினுங்கிக் காத்திருந்தது. சேதுபதியின் விரல்கள் எழுத்துகளுக்கு மேலே கொஞ்ச நேரம் சுற்றின. எங்கும் இறங்கவில்லை. மெல்ல மனைவி பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார்.

“பத்தையும் எழுதுனவ நீ. எனக்கு என்னட்டி தெரியும்? மாமாவச் செத்த நேரம் வெளிய போகச் சொல்லேன்.”