ஆறாம் எண் எலி

எலியைக் கண்டாலே எனக்குக் குமட்டும். ஆனால் வயிற்றுப்பாடு எலிதான். ஒரே வளையில் பிறந்த ஆறு குட்டிகளின் காதில் எண் தகடு மாட்டிவிட்டேன். பிரிந்து போகிறவை எத்தனை நாள் பிழைக்கின்றன என்று பார்ப்பதுதான் என் வேலை. அவை திசைக்கொன்றாகப் போயின. மூன்று வாரத்தில் ஐந்தைக் காணோம். ஆறாம் எண் மட்டும் தினமும் நான் வைத்த கூண்டில் மாட்டியது. நாளுக்கு நாள் கொழுத்தது.

இன்று எடை போடும் துணிப்பை நனைந்து கனத்தது. மூத்திர நாற்றம் மூக்கில் ஏறியது. எலியின் பிடரியைப் பிடித்துத் தூக்கினேன். நேற்றுவரை ஒன்றுதான்; இப்போது இரண்டு காதிலும் மும்மூன்று தகடுகள். ஒன்று முதல் ஆறு வரை. விளிம்புகளை மூடிச் சதை வளர்ந்திருந்தது.

கூட வேலை செய்யும் அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஏம்ப்பா, ஒரே எலிக்கு ஆறா மாட்டுவாங்க?"

"நான் ஒண்ணுதான்க்கா மாட்டினேன்."

எலி வாயை நக்கிக்கொண்டது.

மூன்று தடவை கை கழுவினேன். அப்போது பெரியண்ணன் போன் செய்தார். ஊருக்கொருவராகப் பிரிந்துபோன உடன்பிறப்புகள் ஆறு பேரில் நான் கடைசி.

"எல்லாரும் வீட்டுக்கு வந்துட்டாங்கடா. நீதான் பாக்கி."

"சின்னக்காகிட்ட போனைக் குடுங்கண்ணா."

அந்தப் பக்கம் ஒரு குரலும் இல்லை. அண்ணன் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. நிதானமாக விழுங்கிவிட்டு, "நீ மொதல்ல வா" என்றார்.