தட்டில் பாதரசம்

தாராவியில் ஜன்னல் இல்லாத அந்த மாடி அறையில் பகலிலும் டியூப்லைட் எரிகிறது. பங்கார் எனும் பழைய சாமான் கடையில் அப்பா பொறுக்கி வைத்த பழைய தெர்மாமீட்டரை உடைத்து, மாரீஸ்வரி எவர்சில்வர் தட்டில் கொட்டியிருக்கும் பாதரசம், கீழ்வீட்டுத் தையல் மெஷின் ஓடும்போதெல்லாம் நடுங்குகிறது. நாளைக்குப் பள்ளியில் சயின்ஸ் ப்ராஜெக்ட். விரிசல் விட்ட மொபைலில் பக்கத்தைத் தள்ளித் தள்ளிப் படிக்கிறாள். காற்றோட்டமான இடத்தில் வைக்கச் சொல்கிறது பக்கம். வெங்காயம் அரிந்துகொண்டிருந்த அம்மா ஆறுமுகத்தாய் அருகே வந்து குந்துகிறாள். துளியைக் கட்டைவிரலால் அமுக்குகிறாள். அது நழுவிச் சிதறுகிறது. பொடிமணிகள் சில நகக்கண்ணில் ஒட்டி மின்னுகின்றன.

“ஏட்டி, வெள்ளிய உருக்கி ஊத்துனமாரில்லா இருக்கு!”

“தொடாதம்மா, வெசம்னு போட்டிருக்கு. இரு... தங்கத்துல பட்டா தங்கத்தையே தின்னுருமாம்.”

அம்மாவின் கை நின்றுவிடுகிறது. குனிந்ததில் அவள் தாலி, தட்டுக்கு ஒரு விரற்கடை உயரத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது. சட்டென்று அதை அள்ளிப் பிடித்து நிமிர்கிறாள். பயந்தால் எப்போதும் செய்வதுபோல இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொள்கிறாள்.

“தாயே, முத்தாரம்மா, அவுகளுக்கு ஒண்ணும் வராம பாத்துக்கோ.”

கீழே தையல் மெஷின் நிற்கிறது. அம்மா கண்ணைத் திறக்காமலே கேட்கிறாள்.

“நல்லவேளை, தாலியில படலேல்லா, ஏட்டி?”

மாரீஸ்வரி நிமிர்ந்து பார்க்கிறாள். அம்மாவின் கட்டைவிரலுக்கு அடியில், மஞ்சள் பூசிய பொன்னில், வெள்ளையாக ஒரு பொட்டு மெல்லப் பரவுகிறது.