மீன் பிடிக்கும்

"மீன் இல்லாம எனக்குச் சோறே இறங்காது, அங்கிள்!"

கூசாமல் சொல்லிவிட்டான் பிரசன்னா. கேக் வாங்கினால்கூட முட்டை போட்டதா என்று விசாரித்துவிட்டுத்தான் பெட்டியைத் திறக்கும் குடும்பம் அவனுடையது.

சுப்பராயலு தூண்டிலிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தார்.

"அப்டியா?" என்றார். பிறகு செல்போனோடு கரையோரமாக நடந்துபோய், யாரிடமோ தணிந்த குரலில் பேசிவிட்டு வந்தார்.

யாரிடம் பேசினார்?

வினிதா வீட்டில் காதலைச் சொல்லி வெகுநாள் ஆகிறது. அவள் அப்பா சுப்பராயலு சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. 'சனிக்கிழமை காலைல ஏரிக்கு வரச் சொல்லு. அப்புறம் நம்ம வூட்லயே சாப்டட்டும்' என்றாராம். வினிதாவுக்கு இன்று பாதி நாள் வேலை. அவள் நேராகச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவாள். அதற்குள் இவரிடம் ஒரு 'சரி' வாங்கிவிட வேண்டும்.

'அப்பாவுக்கு மீன்னா உயிர்' என்று வினிதா ஒருமுறை சொல்லியிருந்தாள். அவளும் அவள் அம்மாவும் அசைவம் தொடமாட்டார்கள். ஆனால் சம்மதிக்க வேண்டியவர் அப்பா அல்லவா? அன்றிலிருந்து அவளுக்கும் தெரியாமல் பிரசன்னா பயிற்சி எடுத்தான். திருமுடிவாக்கத்தில் அவன் கம்பெனிக்கு எதிரே ஒரு மெஸ். ஒரு துண்டு வறுத்த மீன், ஒரு கப் தயிர். மெல்லக் கூடாது, தயிரோடு சேர்த்து அப்படியே முழுங்கிவிட வேண்டும். முதல் நாள் பாதியில் எழுந்து வெளியே ஓடினான். இப்போதெல்லாம் கண் கலங்குவதோடு சரி.

"இப்டி வந்து உக்காருங்க தம்பி" என்றார் சுப்பராயலு. "வெயிலை மூஞ்சில வாங்கிக்கணும். முதுகுல வாங்குனா நம்ம நிழல் தண்ணில வுழும். மீனு அந்தாண்ட போயிடும்."

பிரசன்னா இடம் மாறி உட்கார்ந்தான். எதிரே வெயிலில் குன்றத்தூர் மலை தெரிந்தது.

"ஏரில பிடிக்கிறது ஈஸியா, ஓடுற தண்ணிலயா அங்கிள்?"

கேட்டதும் சுப்பராயலுவின் முகம் மலர்ந்தது.

"ஓடுற தண்ணிதான். அங்க மீனு யோசிச்சுகினு இருந்தா தீனி அடிச்சுகினு போயிடும். சட்டுனு கவ்விடும். ஏரி மீனுக்கு அவசரமே கெடையாது. இடிச்சுப் பாக்கும், போயிட்டு வரும், மறுபடி இடிக்கும். தக்கை ஆடுதேன்னு இழுத்தீங்க, வெறும் முள்ளுதான் வரும். முழுசா அமுங்கணும்."

சற்று நிறுத்தி, "நானும் ஏரி மீனுதான் தம்பி. எதையும் டக்குனு கவ்வ மாட்டேன்" என்றார்.

பிரசன்னா தலையாட்டினான்.

"ஆமா, இந்த விரால் கீதே, அது வாயில போட்டா எப்டி இருக்கும்?"

பரீட்சை ஆரம்பித்துவிட்டது! மெஸ்ஸில் தின்ற மீனின் பெயர்கூட அவனுக்குத் தெரியாது.

"பன்னீர் மாதிரி இருக்கும், அங்கிள்."

"பன்னீர் மாதிரியா!" சுப்பராயலுவின் புருவம் உயர்ந்தது. "அப்போ ஜிலேபி?"

ஜிலேபிக் கெண்டையைத்தான் கேட்கிறார் என்று புரிவதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"இனிப்பா... லேசா இனிப்பா இருக்கும்."

"இனிக்குமா!"

கிண்டல் செய்கிறார். எல்லாம் போச்சு என்று பிரசன்னா நினைத்தபோது தக்கை முழுசாக அமுங்கியது. சுப்பராயலு சுண்டி இழுத்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜிலேபி துள்ளிக்கொண்டு வந்தது. முள்ளைக் கழற்றி, "இந்தாங்க, உங்க ராசி!" என்று நீட்டினார்.

வாங்கிய வேகத்தில் அது அவன் கையிலிருந்து வழுக்கி ஏரிக்கே திரும்பிப் போனது.

"ஐயோ, சாரி அங்கிள்! லஞ்ச்சுக்கு..."

"வுடுங்க. வூட்ல ஏற்பாடு ஆயிடுச்சு" என்று சிரித்தார்.

அந்த நேரம் அவர் சட்டைப் பையில் போன் அடித்தது.

"காந்திமதிதான். என் கையெல்லாம் கொழகொழன்னு கீது. நீங்களே எடுத்து ஸ்பீக்கர்ல போடுங்க."

பிரசன்னா போட்டான். வினிதாவின் அம்மா மூச்சுவிடாமல் ஆரம்பித்தாள்.

"ஏங்க, அந்தப் பையன் பக்கத்துல இல்லியே? நீங்க சொன்ன மாதிரி எதிர் வூட்டு ரோஸிகிட்ட சொல்லி மீன் கொழம்பு வாங்கிட்டேன். நம்ம வூட்டு வாசப்படியை மீன் தாண்டறது இதான் மொத தடவை. வாடையே எனக்குத் தலை சுத்துது. இன்னா பண்றது, மாப்ளைக்கு அது இல்லாம சோறு இறங்காதாமே! தனியா சாப்புட அவரு கூச்சப்படுவாரு. பொறந்ததுலேர்ந்து வாயில வெச்சதில்லைன்னு நீங்க எழுந்து ஓடிடாதீங்க. கூட உக்காந்து ஒரு துண்டாவது தின்னுடுங்க. மெல்லாதீங்க, தயிரோட சேத்து முழுங்கிடுங்க. கிண்ணத்துல எடுத்து வெச்சிருக்கேன்."

சுப்பராயலு தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது.

"அங்கிள், உங்களுக்கு மீன் பிடிக்கும்னுதானே..."

"புடிக்கிறதுதான் தம்பி புடிக்கும். புடிச்சுட்டுத் திரும்பத் தண்ணிலயே வுட்டுடுவேன். ருசி எப்டின்னு தெரியாமத்தான் உங்களைக் கேட்டேன்."

பிரசன்னா போனை வாயருகே கொண்டுபோனான்.

"அத்தை, தயிர் ரெண்டு கிண்ணமா எடுத்து வைங்க!"