குங்கிலிய மரத்துக்கு வந்த ஹெலிகாப்டர்

ஆனைமலைக் காட்டின் மரங்களுக்கு அடையாள எண்ணும் மருத்துவக் காப்பீடும் கிடைத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. சடையனின் வீட்டருகே நின்ற குங்கிலிய மரத்துக்கும் அவை உண்டு. நாற்பது மீட்டர் உயரம். எந்தக் கோடையிலும் பச்சை மாறாது. அதன் பிசினைப் புகைத்துத்தான் சடையனின் வீட்டார் கொசு விரட்டி வந்தார்கள். இப்போது பட்டையைக் கீறினால் சிறை.

ஒரு காலையில் அவன் மனைவி மயிலாவுக்குப் பிரசவ வலி கண்டது. சடையன் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தான்.

"உங்க ஊருக்கு ரோடு இல்லீங்களே. எட்டு கிலோமீட்டர் தூக்கிட்டு வந்துருங்க," என்றது மறுமுனை.

மயிலா வலியில் துடித்தாள். சடையன் கத்தியை எடுத்துப் போய் மரத்தின் பட்டையை ஆழமாகக் கீறினான்.

மரத்தில் பொருத்தியிருந்த எச்சரிக்கைக் கருவி அலறியது. பத்தே நிமிடத்தில் ஹெலிகாப்டர் இறங்கியது. இரண்டு டாக்டர்கள் மரத்துக்குக் கட்டுப்போட ஓடினார்கள். கூட வந்த அதிகாரி சடையனுக்கு விலங்கு மாட்டினார்.

"நான் ஜெயிலுக்கு வாரேன் சார். இவளையும் ஏத்திக்கிடுங்க."

"மரத்துக்கும் குற்றவாளிக்கும் மட்டுந்தான்யா இதுல இடம்."

மயிலா வயிற்றைப் பிடித்தபடி மரத்தடிக்கு நடந்தாள். கீழே கிடந்த கத்தியை எடுத்து இன்னொரு கீறல் போட்டாள்.

"இப்ப எனக்கும் இடம் உண்டுல்ல சார்?"

மதியம் நகர ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை நலமாகப் பிறந்தது. அதிகாரி குழந்தையை எட்டிப் பார்த்துவிட்டு, சம்பவ இடத்தில் இருந்த மூன்றாவது குற்றவாளி என்று எழுதிக்கொண்டார்.