பதினோரு கிலோ

“மறுபடியும் எடை குறையுது மாமா! முழுசா பதினோரு கிலோ. நாளைக்கு ரேஸை வச்சுக்கிட்டு இது என்ன கூத்து?”

எடை மேடையின் பலகையில் ஒளிர்ந்த சிவப்பு எண்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான் மெக்கானிக். மேடைமேல் நின்றது அவன் கையால் கட்டிய ரேஸ் கார். உள்ளே ஹெல்மெட்டும் ரேஸ் உடுப்புமாக உட்கார்ந்திருந்தவர் அவனுடைய அக்கா புருஷன். வாரம் முழுக்கப் பள்ளிக்கூட வேனை நத்தை வேகத்தில் ஓட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பறக்கிற மனிதர்.

“அண்ணே, உங்க மேடையில ஏதாவது கோளாறா?”

“என் மேடைக்குப் பொய் சொல்லத் தெரிஞ்சிருந்தா நான் எப்பவோ மாடி வீடு கட்டியிருப்பேன் தம்பி,” என்றார் பழைய இரும்புக் கடைக்காரர். “எடைதானே வேணும்? இந்த நாயை ஏத்திக்கிட்டுப் போங்க. உங்க மாமா தன் சோத்தைப் போட்டுப் போட்டே அது கொழுத்துப் போச்சு.”

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வரவில்லை. ஓசியில் எடை பார்க்க விடுகிறவரிடம் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

எல்லாம் மாமா பிடித்த பிடிவாதத்தால் வந்த வினை. இத்தனை வருடம் சின்னப் பிரிவில் ஓட்டிக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தார்கள். திடீரென்று, இந்த வருடமே பெரிய பிரிவுக்குப் போயாக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். கையில் கொஞ்சம் சேரட்டும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று மெக்கானிக் கெஞ்சியது காதில் ஏறவே இல்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, அடிபட்ட ஒரு டாக்சியிலிருந்து பெரிய இன்ஜினை எடுத்துப் பொருத்தினார்கள். சீட் பெல்ட்டும் உடுப்பும் யாரோ போட்டுக் கழித்தவை. பெல்ட் வாராவாரம் தளர்ந்தது. உடுப்பு துவைக்கத் துவைக்கத் தொளதொளத்தது. மலிவாக வாங்கினால் இப்படித்தான் என்று திட்டிக்கொண்டே மெக்கானிக்கும் வாராவாரம் பெல்ட்டை இறுக்கினான்.

பெரிய பிரிவில் ஒரு கறாரான விதி. ஓட்டுகிறவரோடு சேர்த்து, வண்டியின் எடை வரம்புக்கு ஒரு கிலோகூடக் குறையக் கூடாது. எடை குறைந்த வண்டி மற்ற வண்டிகளை எளிதில் முந்திவிடும் அல்லவா? இரண்டு மாதத்துக்கு முன் நடந்த முதல் ரேஸில் மூன்றாவதாக வந்தார்கள். கட்டிப்பிடித்துக் குதித்து முடிப்பதற்குள் போட்டி நடத்துகிறவர்கள் எடை பார்த்தார்கள். குறைந்தது. பெயரை அடித்துவிட்டார்கள். ‘திருட்டு வண்டி’ என்று மைதானமே கூவியது. மெக்கானிக்கால் தலை நிமிர முடியவில்லை.

மறுநாளே சீட்டுக்கு அடியில் இரும்புத் தகடுகளை வைத்து முடுக்கினான். இதே மேடையில் வெறும் வண்டியை ஒருமுறை, மாமாவோடு ஒருமுறை எடை போட்டு, இரண்டையும் கதவின் உட்புறம் சாக்பீஸால் எழுதி வைத்தான். எல்லாம் சரியாக இருந்தது. இன்றைக்குப் பார்த்தால் பழைய குருடி கதவைத் திறடி.

“உண்மையைச் சொல்லுங்க மாமா. எனக்குத் தெரியாம எதைக் கழட்டினீங்க?”

“நான் எதையும் தொடலை மாப்ள.”

மெக்கானிக் குனிந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். தகடுகள் அத்தனையும் இருந்தன. நட்டுகளின்மேல் அவன் அடித்த பெயிண்ட்கூட உரியவில்லை.

“அப்போ வேற எங்கேயோ இரும்பைக் குடைஞ்சிருக்கீங்க. ஜெயிக்கணும்கிற வெறி கண்ணை மறைச்சிடுச்சு.”

மாமா தளர்ந்த பெல்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“அன்னைக்கு ஊரே என்னைத் திருடன்னு சொன்னப்போ, என் மாமா அப்படிச் செய்ய மாட்டாருன்னு சண்டை போட்டேன். இப்போ எனக்கே சந்தேகமா இருக்கே! ராப்பகலா இந்த வண்டியிலயே கிடந்து சாகறேன். எல்லாம் வீணாப் போச்சு.” அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “நாளைக்கும் குறைஞ்சா ஒரேயடியா வெளிய தள்ளிடுவாங்க. அப்புறம் அடுத்த வருஷம்தான்.”

“அடுத்த வருஷம் வேணாம் மாப்ள,” என்றார் மாமா மெல்ல.

“வேற வழி? முதல்ல இறங்குங்க. வண்டியை அக்கு வேறா ஆணி வேறா பிரிச்சு, எங்க குடைஞ்சீங்கன்னு கண்டுபிடிக்கிறேன்.”

மாமா பெல்ட்டை அவிழ்த்தார். கதவைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக வெளியே எடுத்து வைத்தார். மேடையை விட்டு இறங்கி, நழுவிய உடுப்பை இடுப்போடு பிடித்தபடி நின்றார். நாய் ஓடிவந்து அவர் காலைச் சுற்றியது.

பலகையில் எண்கள் மளமளவென்று இறங்கி, ஓரிடத்தில் நின்றன.

மெக்கானிக் ஸ்பானரைத் தேடித் திரும்பியவன், திறந்திருந்த கதவில் சாக்பீஸ் எழுத்தைப் பார்த்தான். பலகையைப் பார்த்தான். மறுபடியும் கதவைப் பார்த்தான். வெறும் வண்டி என்று எழுதியிருந்த இடத்தில் இருந்ததும், பலகையில் எரிந்ததும் ஒரே எண். வண்டியில் ஒரு கிலோகூடக் குறையவில்லை.

மெக்கானிக் திரும்பி மாமாவைப் பார்த்தான்.

மாமா ஹெல்மெட்டைக் கழற்றினார்.

“இன்னும் ரெண்டு தகடு வச்சு முடுக்கிடு மாப்ள,” என்றார். “டாக்டர் சொன்னது உங்க அக்காவுக்கு மட்டும் இப்போ தெரிய வேணாம்.”