பதினோராவது மரத்தட்டு

ஊவா மாகாணத்தில் சைவம் தழைப்பதே தன்னால்தான் என்பது ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் இரகுநாதனின் நம்பிக்கை. அப்புத்தளைக் கோயில் பூந்தோட்டத்தில் ஒரு கொட்டில் அடித்துக் கொடுத்தால் அவரையே கோயில் தலைவராக்குவதாகப் பேச்சு. அதையும் ஓசிப் பலகையில் முடிக்கப் பார்த்தார்.

பண்டாரவளை மாவுக்கடை ஜீவன், மூட்டை அடுக்கும் பழைய மரத்தட்டுகள் பத்தைக் கொடுத்தான். கோயிலில் இறக்கும்போது பதினொன்று இருந்தன. கடைசித் தட்டு ஈரமாயிருந்தது. அதன் இடுக்குகளில் மீன் செதிலும், சளி போன்ற வழுவழுப்பும் அப்பியிருந்தன. இரகுநாதன் சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்.

"நம்ம கடைக்குள்ள மீனே வந்ததில்லீங்க ஐயா," என்று ஜீவன் அதை எடுத்துப்போய் எரித்தான். மறுநாள் காலை அது தோட்டத்தில் கிடந்தது, அதே ஈரத்தோடு. மூன்று தடவை எரித்தான். மூன்று தடவையும் வந்தது.

கொட்டில் திறப்பு விழாவன்று அதைக் காணவில்லை. இரகுநாதனுக்கு உயிர் வந்தது.

"மச்சம் தின்னுற வாயாலை தேவாரம் பாடக்கூடாது!" என்று முழங்கிவிட்டு, சனத்தைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார்.

முன்வரிசையிலிருந்த மனைவி லீலாதேவி எழுந்தே விட்டாள். "ஐயோ, வாயை மூடுங்கோப்பா!"

அவருடைய முன்பற்களுக்கு நடுவில் ஈரமான மீன் செதில் ஒன்று இருந்தது.